ஏற்காடு ஏறினால் சரியாகிவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை மேடைப் பேச்சின் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "மனசு சரியில்லையா, ஏற்காட்டுல நாலு நாள் இருந்துட்டு வாங்க, டாக்டர் எதுக்கு?" என்ற வரிக்கு எழுந்த கைத்தட்டல் மூன்று நாள்களாக என்னை உறுத்துகிறது.

நான் அப்படி ஏறியவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, காப்பித் தோட்டத்து நண்பர் வீட்டில் ஐந்து நாள் தங்கினேன். அங்கேயும் அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. அங்கேயும் காரணமில்லாத அழுகை வந்தது. இறங்கிச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்குத் திரும்பியபோது, எடை போட்ட வெள்ளியையே நம்பாமல் நான்கு முறை எடை போட்டுக்கொண்டிருந்தேன். ஓர் இரவு சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்தேன். என் மகள் குனிந்து பருக்கைகளைப் பொறுக்கினாள்.

அதன்பிறகும் ஏழு மாதம் மருத்துவரிடம் போகவில்லை. இது நோயா, வெறும் கோபமா என்று வீட்டிலேயே முடிவு கட்டிய பிறகு போகலாம் எனக் காத்திருந்தேன். அதுதான் என் தவறு. நோய் உறுதியான பிறகு போகும் இடமல்ல அது. இருக்கிறதா என்று கேட்கப் போகும் இடம். போனதும் மருத்துவர் முதலில் எழுதித் தந்தது தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை. தைராய்டு குறைந்தாலும் மனம் சோர்ந்துபோகும் என்பதை அன்றுதான் அறிந்தேன். எனக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் அதை நான் திண்ணையில் உட்கார்ந்து எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்?

தூக்கமோ, பசியோ, வேலையோ, வீட்டாருடனான பேச்சோ இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுக்கிடந்தால் போய்க் கேளுங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் இரண்டு வாரமும் வேண்டாம், அன்றே போங்கள். கேட்பதற்குத்தான் போகிறோம்.

மாத்திரை அடிமையாக்கிவிடும் என்பீர்கள். போகிற எல்லோருக்கும் மாத்திரை தருவதில்லை. உளவியலாளரிடம் பேசுவதே சிலருக்குப் போதும். எனக்குத் தந்தார்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் மதுவைப் போல ஏங்க வைப்பவை அல்ல; பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது. கோயிலுக்குப் போகலாமே என்றால், கோட்டை மாரியம்மனிடமும் போகிறேன். இரண்டுக்கும் பகை இல்லை. செலவுக்கு அஞ்சுபவர்களுக்கு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஊருக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் நானும் பயந்தேன். சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சொல்கிறது. சட்டம் ஆஸ்பத்திரியின் வாயைக் கட்டும். உறவினர் வாயைக் கட்டாது.

"இவனுக்கென்ன குறை?" என்று என் பெரியப்பாவே பந்தியில் கேட்டார். குறை இல்லாததால்தான், பெரியப்பா, எனக்கே புரியவில்லை. புரியாததால்தான் கேட்கப் போனேன். அதை உங்களிடம் சொல்ல அன்று எனக்கு நா எழவில்லை.

மேடையில் பேசிய ஐயாவிடம் எனக்குக் கோபம் குறைவு, வருத்தம்தான் அதிகம். அரங்கில் கைதட்டியவர்களில் ஒருவராவது இந்த வாரம் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பார். அவர் இனி எத்தனை மாதம் காத்திருப்பாரோ, அவர் வீட்டில் யார் பருக்கை பொறுக்குவார்களோ.