‘இயல்புதான்’ என்றால் எழுதிக் கொடுக்கட்டும்

புதுக் காரில் எஞ்சின் ஆயில் குறைவது இயல்பு என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. எஞ்சினுக்குள் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம் (பிஸ்டன் ரிங்) சிலிண்டர் சுவரோடு படியும்வரை கொஞ்சம் ஆயில் எரியும், சரி. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் கீழ்க்கோட்டுக்கும் அடியில் ஆயில் இறங்கியிருந்தபோதும் மதுரை சர்வீஸ் சென்டரில் எனக்கு அதே பதில்தான் கிடைத்தது! வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். மேல்கோடுவரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்து, ஆயில் ஊற்றும் மூடிக்கு சீல் வைத்து, 1,000 கிலோமீட்டர் கழித்து அளக்கச் சொல்லுங்கள். சமதளத்தில், எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்தே பார்க்க வேண்டும்; அழகர்மலைச் சரிவில் நிறுத்திப் பார்த்துவிட்டுப் பதறிப் பயனில்லை. ஆயில் எரிவதைக் காட்டும் நீலப்புகை சைலன்சரில் வந்தால் தவணை சொல்ல விடாதீர்கள். நாமே வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தால் வாரண்டி சத்தமில்லாமல் முடிந்துவிடும். புகாரையும் செய்த வேலையையும் சர்வீஸ் சென்டர் எழுதும் ஜாப் கார்டின் நகலை வாங்காமல் வராதீர்கள், நுகர்வோர் ஆணையத்தில் அதைத்தான் கேட்பார்கள்.