ஆறு பக்கக் கட்டுரை ஒன்று

உறவினர் குழுவில் அந்தச் செய்தி ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது சுற்றிவந்துவிடுகிறது. வைகுண்ட ஏகாதசி நெருங்கினால் அங்கே வரும். ரமலான் நோன்பு தொடங்கினால் நண்பர்கள் குழுவில் வரும். தவக்காலத்தில் பழைய மாணவர் குழுவில் வரும். விரதம் இருந்தால் புற்றுநோய் அண்டாது என்று நிரூபித்த ஜப்பானிய மருத்துவருக்கு நோபல் பரிசு கிடைத்திருக்கிறது, நம் முன்னோர்கள் இதை என்றோ சொல்லிவிட்டார்கள் என்பது அதன் சாரம். அனுப்புகிறவர்களின் நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தச் செய்தி சொல்லும் யோஷினோரி ஓசுமி மருத்துவர் அல்லர், செல் உயிரியலாளர். 2016ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசை அவருக்குப் பெற்றுத்தந்த ஆய்வுகளில் எந்த மனிதரும் பட்டினி கிடக்கவில்லை. பட்டினி கிடந்தது ஈஸ்ட். அதுவும் பெரும்பாலும் நைட்ரஜன் இல்லாத வளர்ப்பு ஊடகத்தில்.

இந்த வாரம் அவருடைய பழைய கட்டுரைகளை மீண்டும் எடுத்து வாசித்தேன். வாட்ஸ்அப் செய்தி மட்டும் அதற்குக் காரணம் அல்ல. சில மாதங்களுக்கு முன் ஒரு பதவி உயர்வுக்கான படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. அதில் ஒவ்வொரு கட்டுரைக்கும் எதிரே, அது வெளிவந்த ஆய்விதழின் இம்பாக்ட் ஃபேக்டரை, அதாவது அந்த இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணை, எழுத ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டுரை என்ன சொல்கிறது என்று எழுத ஒரு வரி இடம்கூட இல்லை. நேர்காணலில் இருந்த மூவரும், ஒருவருடைய கட்டுரைகளையும் அவற்றுக்கு வந்த மேற்கோள்களையும் ஒரே எண்ணாக்கும் எச்-இன்டெக்ஸ் எத்தனை என்று கேட்டார்களே தவிர, கட்டுரைகளில் எதையும் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பதவி உயர்வு கிடைத்ததா என்பது இங்கே பொருட்டல்ல. (கிடைக்கவில்லை.) ஓர் ஆய்வாளர் தம் துறையில் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தார் என்று அறிய, அவர் எழுதியதை உட்கார்ந்து வாசிப்பதைத் தவிரக் குறுக்குவழி எதுவும் இல்லை என்பது என் நெடுநாள் கருத்து, ஓசுமியின் கட்டுரைகள் அந்தக் கருத்தை இன்னும் உறுதிப்படுத்தின.

ஓசுமி 1945இல் ஃபுகுவோகாவில் பிறந்தவர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெரால்டு எடெல்மனின் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். தமக்கென்று சொந்த ஆய்வகம் அமைந்தபோது ஆண்டு 1988, அவருக்கு வயது 43. அந்த வயதில் அவர் எடுத்துக்கொண்டது ஈஸ்ட்டின் வாக்குவோல். செல்லின் குப்பைத்தொட்டி என்று பலரும் ஒதுக்கிவைத்திருந்த உறுப்பு அது. போட்டி நிறைந்த இடத்தில் முண்டியடிப்பது தமக்குப் பிடிக்காது, ஆளில்லாத வழியில் போவதே தம் இயல்பு என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

செல் தன் உட்பொருள்களையே சவ்வுப்பையில் பொதிந்து, லைசோசோம் என்ற செரிமான உறுப்புக்கு (ஈஸ்ட்டில் அந்த வேலையைச் செய்வது வாக்குவோல்) அனுப்பிச் செரிக்கிறது என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. லைசோசோமைக் கண்டறிந்த பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியான் டி டுவே 1963இல் இதற்கு ஆட்டோபேஜி, அதாவது தன்னுண்ணல், என்று பெயரும் வைத்துவிட்டார். பெயர் வைத்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியும், இந்த வேலையைச் செய்கிற மரபணுக்கள் எவை என்று ஒருவருக்கும் தெரியாது. பை உருவானதும் விரைவில் கரைந்துபோகிற நிகழ்வு இது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எப்போதாவது சிக்கும் ஒரு படத்தை வைத்துக்கொண்டு மரபணுவைத் தேடிப் போக முடியாது.

ஓசுமி செய்த தந்திரத்தை வகுப்பில் விளக்கும்போது நான் மாவு மில்லைச் சொல்வதுண்டு. மில் ஓடிக்கொண்டிருக்கும்போது டப்பாக்களில் வருகிற தானியம் உடனுக்குடன் அரைபட்டுப் போய்விடும். எத்தனை பேர் வந்தார்கள், என்ன தானியம் கொண்டுவந்தார்கள் என்று வாசலில் நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது. கரண்ட் போய்விட்டால் டப்பாக்கள் வாசல்வரை குவியும். அதைப் போலவே, வாக்குவோலுக்குள் புரதங்களைச் சிதைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட் வகையை எடுத்து, நைட்ரஜன் இல்லாத ஊடகத்தில் போட்டு, சாதாரண ஒளி நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். சில மணி நேரத்தில் வாக்குவோல் முழுவதும் சின்னஞ்சிறு உருண்டைகள் நிறைந்து, ஓயாமல் துள்ளிக்கொண்டிருந்தன. செரிக்க வழியில்லாமல் உள்ளே தங்கிப்போன பொதிகள்தாம் அவை. பின்னாளில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, இரட்டைச் சவ்வுப் பை ஒன்று செல்லின் உட்பொருளைச் சுற்றி வளைப்பதும், அதன் வெளிச்சவ்வு வாக்குவோலோடு இணைந்துகொள்ள, உட்பை மட்டும் உள்ளே விழுவதும் தெரிந்தன. உருண்டைகளின் முதல் காட்சி தெரிந்தது 1988இல். அது முழுக் கட்டுரையாக ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி இதழில் அச்சானது 1992இல். நடுவில் இருந்த நான்கு ஆண்டுகளை எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

என்னை மிகவும் கவர்ந்தது அடுத்த கட்டுரை. சுகடா, ஓசுமி என இரண்டே பெயர்கள், 1993, ஃபெப்ஸ் லெட்டர்ஸ் என்ற ஆய்விதழ், ஆறு பக்கம். அந்த இதழ் மரியாதைக்குரியதுதான். ஆனால் எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்துகிறவர்கள் அதை முன்வரிசையில் வைப்பதில்லை. ஈஸ்ட்டில் திடீர்மாற்றங்களை உண்டாக்கி, பட்டினியிலும் வாக்குவோலில் உருண்டைகள் சேராத செல்லை நுண்ணோக்கியில் தேடியதில் முதலில் ஒரு வகை கிடைத்தது. அதை வளர்த்துப் பார்த்தபோது, நைட்ரஜன் இல்லாமல் நெடுநேரம் கிடந்தால் மற்ற ஈஸ்ட்டுக்கு முன்பே அது செத்துப்போவது தெரிந்தது. அந்தப் பலவீனத்தையே சல்லடையாக்கிக்கொண்டு, பட்டினியில் சீக்கிரம் சாகிறவற்றைப் பிரித்தெடுத்து, அவற்றில் தன்னுண்ணல் நடக்காதவற்றைப் பொறுக்கினார்கள். மொத்தம் 15 மரபணுக்களின் தடம் கிடைத்தது. முப்பது ஆண்டு இருட்டுக்குள் 15 கதவுகள் எங்கே இருக்கின்றன என்று காட்டிய ஆறு பக்கம் அது. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது பற்றி அதில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அதைப் பெரிதுபடுத்தி எழுதும் ஆசையும் இல்லை.

கதவுகளைத் திறக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. மரபணுக்களைப் பிரித்தெடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை முன்பின் அறிந்த எந்தப் புரதத்தையும் ஒத்திருக்கவில்லை. 1996இல் ஓகசாகியின் தேசிய அடிப்படை உயிரியல் நிறுவனத்துக்கு மாறிய பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. 1998இல் அவருடைய ஆய்வகத்தின் மிசுஷிமா முதல் ஆசிரியராக நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை, ஒரு புரதம் இன்னொரு புரதத்தோடு கோக்கப்படும் புதிய ஏற்பாட்டைக் காட்டியது. 2000இல் இச்சிமுரா முதல் ஆசிரியராக அதே இதழில் வந்த கட்டுரை அதைவிட விசித்திரமானது: ஒரு புரதம் போய்ச் சவ்வின் கொழுப்பு மூலக்கூறோடு ஒட்டிக்கொள்கிறது. பை எப்படி வளர்கிறது என்ற கேள்விக்கு முதல் பிடிமானம் அங்கேதான் கிடைத்தது. நோபல் குழு முதன்மைக் கட்டுரைகள் என்று குறிப்பிட்டவை இந்த நான்குதான். நேச்சர் இரண்டு இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அந்த இரண்டும் 1993 கட்டுரையின் தோளில் நிற்பவை. எச்-இன்டெக்ஸ் அப்போது பிறக்கவில்லை; இருந்து, 1994இல் அதைக் கேட்டு ஒரு குழு அவரை உட்காரவைத்திருந்தால் என்ன முடிவு வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எண்களை அடியோடு தள்ளிவிட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. தாம் தொடங்கிய காலத்தில் இந்தத் துறையில் ஆண்டுக்கு இருபது கட்டுரைகள் வந்தாலே பெரிது, இப்போது ஆயிரக்கணக்கில் வருகின்றன என்று ஓசுமியே சொல்லியிருக்கிறார். அந்தப் பெருக்கம் ஓர் எண்தான், பொருளுள்ள எண்தான். சிக்கல் என்னவென்றால், அது வந்து சேர்ந்தபோது அவருக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்பட்டபோது அது இல்லை. ஆண்டுக்கு இருபது கட்டுரை வருகிற துறையில் ஒருவரை மேற்கோள் காட்ட எத்தனை பேர்தான் இருப்பார்கள்?

ஆய்வகத்தில் இருப்பவர்களுக்காக இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கொழுப்பில் ஒட்டும் ஈஸ்ட் புரதத்துக்குப் பாலூட்டிகளில் இணையாக இருப்பது எல்சி3. அது அந்தப் பைகளின் சவ்வில் இருப்பதை 2000இல் யோஷிமோரியும் அவரோடு பணியாற்றியவர்களும் காட்டினார்கள். இன்று உலகெங்கும் தன்னுண்ணலை அளக்க, புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் தேடுவது அதன் இரண்டாம் பட்டையை, அதாவது கொழுப்போடு ஒட்டிய வடிவத்தைத்தான். அந்தப் பட்டை அடர்த்தியாகத் தெரிந்ததும், ‘தன்னுண்ணல் அதிகரித்தது’ என்று எழுதிவிடுகிற கட்டுரைகளை மதிப்பீட்டுக்காக நான் பலமுறை வாசித்திருக்கிறேன். பட்டை அடர்வதற்குப் பைகள் கூடுதலாக உருவாவதும் காரணமாகலாம், உருவானவை செரிக்கப்படாமல் தேங்குவதும் காரணமாகலாம். மில்லில் கூட்டம் அதிகமா, கரண்ட் போய்விட்டதா என்பதை டப்பாக்களின் எண்ணிக்கை மட்டும் சொல்லாது. செரிமானத்தை வேண்டுமென்றே தடுத்தும் தடுக்காமலும் இரண்டு முறை அளந்து ஒப்பிட வேண்டும். 1992 கட்டுரையைக் கவனமாகப் படித்தவர் இந்தத் தவறைச் செய்ய மாட்டார். அதை மேற்கோள் பட்டியலில் மட்டும் சேர்த்தவர் செய்வார். மேற்கோள் எண்ணிக்கையில் இருவரும் ஒன்றுதான்.

விரதச் செய்திக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதிலும் ஓர் உண்மைத் துணுக்கு இருக்கிறது. ஊட்டம் குறையும்போது தன்னுண்ணல் கூடுகிறது என்பது சரியே. இதற்கு மிக அழகான சான்று, மிசுஷிமாவும் ஓசுமியும் உள்ளிட்டோர் 2004இல் வெளியிட்ட எலிக் கட்டுரை. பிறந்த குட்டிக்குத் தொப்புள்கொடி வழியாக வந்த உணவு சட்டென்று நின்றுபோகிறது. தாய்ப்பால் தாராளமாகக் கிடைக்கும்வரை அந்தச் சில மணி நேரத்தில் குட்டியின் திசுக்களில் தன்னுண்ணல் உச்சத்துக்குப் போகிறது. அதற்குத் தேவையான ஏடிஜி5 மரபணு இல்லாத குட்டிகள் ஒரு நாளுக்குள் இறந்துவிடுகின்றன. ஆனால் புற்றுநோயில் கதை நேர்கோட்டில் போவதில்லை. அமெரிக்க ஆய்வாளர் பெத் லெவைனின் குழுவினர் 1999இல் பெக்லின் 1 என்ற மரபணு கட்டி வளர்வதைத் தடுப்பதாகக் காட்டினார்கள். ஏற்கெனவே வளர்ந்துவிட்ட கட்டியோ, இரத்தம் சரியாக எட்டாத இடத்திலும் பிழைத்திருக்க இதே தன்னுண்ணலைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறது; அதைத் தடுக்கும் மருந்துகளை நோயாளிகளிடம் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். இந்த நிலையில், விரதம் புற்றுநோயைத் தின்றுவிடும் என்று ஓசுமியின் பெயரால் சொல்வது அவர் எழுதாத கட்டுரையை அவர் தலையில் கட்டுவதாகும். சிகிச்சையில் இருக்கும் ஒருவர் இதை நம்பிச் சாப்பாட்டைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை அனுப்புகிறவர்கள் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பரிசை ஒருவருக்கு மட்டும் கொடுத்தது நியாயமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. ஜெர்மனியில் மைக்கேல் தும், அமெரிக்காவில் டேனியல் கிளியோன்ஸ்கி ஆகியோரும் ஈஸ்ட்டில் இதே மரபணுக்களைத் தனித்தனி வழிகளில் எட்டினார்கள். ஆளுக்கொரு பெயராக இருந்ததை 2003இல்தான் ஏடிஜி என்ற பொதுப் பெயருக்குக் கொண்டுவந்தார்கள். மூவருக்குப் பகிர்ந்திருந்தாலும் நான் மகிழ்ந்திருப்பேன். முதலில் பார்த்தவர் யார் என்பதில் மட்டும் எனக்கு ஐயம் இல்லை.

போன வாரம் செய்முறை வகுப்பில், பேக்கரியில் வாங்கிய ஈஸ்ட்டைக் கரைத்துச் சிலைடில் வைத்து மாணவர்களைப் பார்க்கச் சொன்னேன். வாக்குவோல் தெளிவான ஒரு வட்டமாகத் தெரிந்தது. ‘உள்ளே ஒண்ணுமே இல்லையே சார்’ என்றாள் ஒரு மாணவி. நொதிகள் வேலை செய்கிற ஈஸ்ட்டில் அப்படித்தான் தெரியும் என்று சொல்லி, 1992 கட்டுரையின் படத்தைக் காட்டினேன். நொதி இல்லாத வகை கைக்கு வராதவர்களுக்கும் அந்தக் கட்டுரையிலேயே ஒரு வழி இருக்கிறது: பிஎம்எஸ்எஃப் என்ற நொதித் தடுப்பானைச் சேர்த்தால் சாதாரண ஈஸ்ட்டிலும் உருண்டைகள் தேங்கும். அது நச்சுப்பொருள், கையுறையோடு நானேதான் கையாள வேண்டும். துறையின் அலமாரியில் ஒரு பழைய புட்டி இருக்கிறது. வியாழக்கிழமை வகுப்பில் முயன்று பார்க்கப் போகிறோம்.