முப்பது வருடமாக நான் அடித்த ‘போலீஸ்’

போன சனிக்கிழமை இரவு தம்பி மகள் என் வீட்டில் தங்கியிருந்தாள். பழைய ‘ஹவுஸ்’ தொடரைப் போட்டுவிட்டு, நடுவில் முறுக்குத் தட்டை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். கையில் தடியும் முகத்தில் மூன்று நாள் தாடியுமாக அந்த மருத்துவர் யாரையோ காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தார். “இந்த ஆள் இங்கிலாந்துக்காரர், தெரியுமா உனக்கு?” என்றேன். நம்பவில்லை. கைப்பேசியில் தேடினாள். ஹியூ லாரி, பிறந்த ஊர் ஆக்ஸ்ஃபோர்டு. “அத்தை, துளிக்கூட வாடை அடிக்கவில்லையே!” என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பாத்திரத்துக்கு ஆள் தேடியபோது லாரி ஒரு படப்பிடிப்புக்காக நமீபியாவில் இருந்தாராம். ஓட்டல் குளியலறையில்தான் வெளிச்சம் போதுமானதாக இருந்ததால் அங்கேயே நின்று நடித்துப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறார். அதைப் பார்த்த இயக்குநர் பிரையன் சிங்கர், எனக்கு இப்படி ஓர் அசல் அமெரிக்கர்தான் வேண்டும் என்றாராம். 2004 முதல் 2012 வரை அந்தத் தொடர் ஓடியது. எட்டு சீசன்.

ஆனால் இப்படி எல்லோரும் உச்சரிப்பை மட்டுமே மெச்சுவதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. உச்சரிப்பு பயிற்சியால் வருவது. அதற்கென்று ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தென் இங்கிலாந்துக்காரர் ‘கார்’ என்ற சொல்லை ‘கா’ என்று நீட்டி நிறுத்துவார். அமெரிக்கர் ‘ர்’ வரை போவார். ‘வாட்டர்’ அமெரிக்க நாக்கில் ‘வாடர்’ போல மெத்தென்று விழும். இவற்றையெல்லாம் நல்ல காது உள்ள நடிகர் சில மாதங்களில் பிடித்துவிடுவார். லாரி பிடித்தார். அவர் வாய்க்குள் போன வாக்கியங்களோ ஏற்கெனவே அமெரிக்காவில் சமைத்தவை. அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

ஓர் உதாரணம். “கதவைப் பூட்டினாயா?” என்று கேட்டால், பூட்டியிருக்கலாம் என்பதற்கு லண்டன்காரர் “ஐ மைட் ஹேவ் டன்” என்பார். அமெரிக்கர் “ஐ மைட் ஹேவ்” என்பதோடு நிறுத்திக்கொள்வார். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன ‘டன்’ அமெரிக்கக் காதுக்கு ஆறாம் விரல் மாதிரி. டெக்சாஸ் மாட்டுப் பண்ணைக்காரனாக வேஷம் கட்டிய ஒரு நடிகர் எவ்வளவு அழகாக ‘ர்’ உருட்டினாலும், வசனத்தில் அந்த ‘டன்’ இருந்துவிட்டால், எழுதியவர் அட்லாண்டிக்குக்கு எந்தக் கரையில் உட்கார்ந்து எழுதினார் என்பது தெரிந்துபோகும். அமெரிக்கர் வாயில் ‘ஹேவ் யூ காட் எ பென்’ என்று வந்தாலும் அப்படித்தான். அவர்கள் ‘டூ யூ ஹேவ்’ என்றுதான் கேட்பார்கள். சொற்களை மாற்றுவது சுலபம். சரக்கு லாரியை டிரக் என்றும் லிஃப்டை எலிவேட்டர் என்றும் எந்த உதவியாளரும் மாற்றிக் கொடுத்துவிடுவார். வாக்கியத்தின் எலும்புதான் மாறுவதில்லை.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் முப்பது வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள். “ஐ ஜஸ்ட் ஏட்” என்று எழுதிய பிள்ளைகளுக்குச் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு “ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்” என்று மேலே எழுதிக் கொடுத்தவள். அந்தப் பிள்ளைகள் தமிழில் யோசித்தார்கள். நாம் “இப்போதுதான் சாப்பிட்டேன்” என்கிறோமே தவிர, “இப்போதுதான் சாப்பிட்டிருக்கிறேன்” என்றா சொல்கிறோம்? ஓய்வு பெற்ற பிறகு அமெரிக்கத் தொடர்களை உட்கார்ந்து பார்த்தால், மருத்துவர், வக்கீல், கொலைகாரன் என்று அத்தனை பேரும் நான் அடித்த வாக்கியத்தையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். ‘கெட்’ என்ற வினைக்கு மூன்றாம் வடிவமாக எழுதிய ‘காட்டன்’ (gotten) என்பதையும் அடித்திருக்கிறேன், ‘காட்’ (got) என்பதே சரி என்று. அதுவோ இங்கிலாந்திலிருந்தே கப்பலேறிப் போன பழைய சொல். அமெரிக்கா அதை வைத்துக்கொண்டது, ஊரில் இருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். அந்த ‘ர்’ கதையும் அதேதான். குடியேறிகள் கப்பலேறிய காலத்தில் இங்கிலாந்திலும் பெரும்பாலோர் ‘ர்’ என்று வாய் நிறையச் சொன்னார்கள். தெற்கே அது உதிர்ந்தது பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பிறகும்தான். நம் பிள்ளைகள் ‘கார்’ என்பதை முழுசாகச் சொல்கிறார்களே, அதை நான் ஒருபோதும் திருத்தவில்லை. எனக்கே அப்படித்தான் வரும்.

சரி, தொடருக்கு வருகிறேன். ஒரே வசனத்தை இரண்டு நாட்டிலும் பேசினால் என்ன ஆகும்? இதற்குச் சோதனைக்கூடம் போல ஒரு தொடர் இருக்கிறது. ‘தி ஆபீஸ்’. பிரிட்டனில் ரிக்கி ஜெர்வெய்ஸும் ஸ்டீபன் மெர்ச்சன்டும் 2001இல் எடுத்தது. ஸ்லௌ என்ற ஊரில் ஒரு காகிதக் கம்பெனி. அமெரிக்காவில் 2005இல் கிரெக் டேனியல்ஸ் அதைப் பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டனுக்குக் கொண்டுபோனார். நகைச்சுவைத் தொடர். அமெரிக்கத் தொடரின் முதல் பகுதி ஏறக்குறைய பிரிட்டிஷ் வசனத்தின் நகல் என்பதால், இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது எந்த மொழியியல் வகுப்பையும் விட மேல். நான் பார்த்தேன். நிறுத்தி நிறுத்தி, நோட்டில் எழுதிக்கொண்டு.

ஒரு காட்சி. அலுவலகத்தில் எரிச்சலூட்டும் ஒருவனின் ஸ்டேப்ளரை, பக்கத்து மேசைக்காரன் ஜெல்லிக்குள் உறைய வைத்துவிடுகிறான். ஸ்லௌவில் அது ஜெல்லி. அமெரிக்காவில் ஜெல்லி என்றால் ரொட்டியில் தடவுவது. அதற்குள் ஸ்டேப்ளரை நிறுத்த முடியாது. ஆகவே அங்கே அது ‘ஜெல்-ஓ’ ஆகிறது. பொருள் அதேதான், தட்டில் ஆடுகிறது, உள்ளே ஸ்டேப்ளர் தெரிகிறது. இனி சிலேடைக்கு வருவோம். பிரிட்டிஷ் வசனத்தில் குறும்பு செய்தவன், இது ஒரு ‘ட்ரைஃப்ளிங்’ விஷயம், அதாவது அற்ப விஷயம் என்கிறான். ட்ரைஃபிள் என்பது ஜெல்லியும் கேக்கும் கஸ்டர்டும் அடுக்கிய அவர்கள் ஊர் இனிப்பு. பண்டிகைக்குப் பண்டிகை பாட்டி வீட்டில் கண்ணாடிக் கிண்ணத்தில் வருவது. ஸ்க்ரான்டனில் அது எடுபடாது. அங்கே அவன், நான் எப்போதுமே உன்னுடைய பெரிய ‘ஃபிளான்’ என்கிறான். ரசிகன் என்ற ‘ஃபேன்’ சொல்லும், முட்டையும் பாலும் சேர்த்துச் செய்யும் அந்த இனிப்பும் முட்டிக்கொள்கின்றன. கஸ்டர்டையும் போலீஸ் கஸ்டடியையும் முடிச்சுப் போடும் சிலேடை மட்டும் இரண்டு நாட்டிலும் அப்படியே இருக்கிறது. கஸ்டர்டுக்குப் பாஸ்போர்ட் தேவைப்படவில்லை.

அதே பகுதியில் எல்லோரையும் அரிக்கும் பயம் ஆட்குறைப்பு. ஸ்லௌவில் அதன் பெயர் ‘ரிடண்டன்சி’. ஸ்க்ரான்டனில் ‘டவுன்சைசிங்’. முதல் சொல்லில் நீ வேண்டாதவன் என்ற நெடி வருகிறது. இரண்டாவதில் கம்பெனி ஏதோ உடம்பு இளைக்கப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. நான் இதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்பது வேறு. என் காதுக்கு அப்படிக் கேட்டது.

இவ்வளவு பார்த்துப் பார்த்து மாற்றியும் அந்த முதல் பகுதி இரவல் சட்டை போட்ட பையன் போலத்தான் நிற்கிறது. தோள் பொருந்தவில்லை. அந்த பிரிட்டிஷ் மேலாளர் பேசும்போது அவரைச் சுற்றி ஒரு மௌனம் விழும். ஸ்லௌவில் அந்த மௌனம் வசனத்தில் ஒரு பாதி. ஸ்க்ரான்டனில் அதே மௌனம் யாரோ வசனத்தை மறந்துவிட்ட மாதிரி இருக்கிறது. இரண்டாம் பகுதியிலிருந்து அவர்களே சொந்தமாக எழுதத் தொடங்கினார்கள். பிறகு பாருங்கள், 201 பகுதிகள். மூலத் தொடரோ பன்னிரண்டு பகுதியும் ஒரு கிறிஸ்துமஸ் சிறப்புக் கதையுமாக 2003இல் கடையைச் சாத்திவிட்டது.

மௌனம் என்றதும் எல்லோரும் ஓடிவந்து ஒரு முடிவைச் சொல்வார்கள்: பிரிட்டிஷ்காரர் குறைத்துச் சொல்வார், அமெரிக்கர் கொட்டித் தீர்ப்பார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1951 ஏப்ரலில் கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரையில் சீனப் படை சூழ்ந்துகொண்டபோது, பிரிட்டிஷ் பிரிகேடியர் பிரோடி அமெரிக்க மேலதிகாரியிடம், நிலைமை ‘கொஞ்சம் பிசுபிசுப்பாக’ இருக்கிறது என்கிற தொனியில் சொன்னாராம். பிரிட்டிஷ் காதுக்கு அது அபயக்குரல். அமெரிக்கருக்கு, சமாளித்துக்கொள்வார்கள் என்று பட்டது. குளொஸ்டர்ஷயர் படைப்பிரிவு ஏறக்குறைய முழுவதும் அழிந்தது, அல்லது சிறைப்பட்டது. இது பல இடங்களில் சொல்லப்படும் கதை. ‘கொய்ட் குட்’ என்பது லண்டனில் ‘பரவாயில்லை’, அமெரிக்காவில் ‘பிரமாதம்’. மாமியாரிடம் இந்தத் தவறு செய்தால் இம்ஜின் ஆற்றை விட மோசமாகப் போகும்.

ஆனால் இதை அளவுகோலாக்கித் தொடர்களை அளப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். 1985 முதல் பிபிசியில் ஓடும் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ தொடரைப் பத்து நிமிடம் பாருங்கள். பப் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு யாராவது யாரிடமாவது கத்திக்கொண்டிருப்பார்கள். குறைத்துச் சொல்வது பிரிட்டிஷ்காரர் எல்லோருக்கும் பொதுவானதில்லை, ஒரு வர்க்கத்தின் குணம். பழைய காலத்துப் பிரபுக் குடும்பத்தின் கதையான ‘டவுன்டன் ஏபி’யில் பெரிய சீமாட்டியாக வரும் மேகி ஸ்மித், வார இறுதி என்றால் என்ன என்று கேட்பார். திங்கள் முதல் வேலைக்குப் போகாதவளுக்கு வாரம் எங்கே முடியும்? அந்த ஒரு வரியில் அவளுடைய பண்ணை, வாடகை, வேலையாட்கள் அத்தனையும் வந்துவிடுகின்றன. அதே தொடரில் இன்னொருவர், அந்தக் காலத்து இங்கிலாந்தில் நின்றுகொண்டு, தான் ‘செங்குத்தான கற்றல் வளைவில்’ இருப்பதாகச் சொல்வார். எங்கள் பள்ளிக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர்கள் பவர்பாயிண்ட் போட்டுச் சொன்ன சொற்றொடர் அது! கோட்டும் கையுறையும் அந்தக் காலம். வாய் மட்டும் நம் காலம்.

கொட்டித் தீர்ப்பவர்கள் என்று பெயரெடுத்த அமெரிக்கர்களிடமிருந்தே வந்தது ‘தி வயர்’, பால்டிமோர் நகரத்துப் போலீசும் போதைப்பொருள் கும்பலும் மோதும் தொடர். 2002 முதல் 2008 வரை ஐந்து சீசன். அதன் முதல் சீசனில் இரண்டு துப்பறிவாளர்கள் ஒரு பழைய கொலை நடந்த வீட்டின் சமையலறைக்குள் நுழைகிறார்கள். படங்களைத் தரையில் பரப்பி, அளவெடுத்து, குண்டு வந்த வழியைத் தேடி, அது புதைந்திருந்த இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஒரே ஒரு கெட்ட வார்த்தையை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். ஐயம், வியப்பு, வெறுப்பு, கண்டுபிடித்துவிட்ட களிப்பு எல்லாம் அந்த ஒன்றிலேயே. அவர்களில் வெண்டல் பியர்ஸ் அமெரிக்கர். டொமினிக் வெஸ்ட் இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்காரர். அதே தொடரில் போதைப்பொருள் கும்பலின் மூளையாக வரும் இட்ரிஸ் எல்பா லண்டன் ஹாக்னியில் பிறந்தவர். தேர்வின்போது தன் ஊரை வெளியே விடாமல் மறைத்த கதையை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அந்தத் தொடரை எழுதியவர்களில் டேவிட் சைமன் பால்டிமோர் நாளிதழ் ஒன்றில் குற்றச் செய்தியாளராக இருந்தவர். எட் பர்ன்ஸ் அந்த ஊர்க் காவல் துறையில் துப்பறிவாளர், பிறகு பள்ளி ஆசிரியர். வாக்கியங்கள் அந்தத் தெருவிலிருந்து வந்தவை. நடிகர் லண்டனா ஷெஃபீல்டா என்பது அதனால் பொருட்டாகவே இல்லை. இதன் தமிழ் டப்பிங் வந்தால் நான் பார்க்க மாட்டேன். டப்பிங்கில் உலகத்து ரவுடிகள் அத்தனை பேரும் ஒரே தெருவில் பிறந்தவர்கள்.

முதல் தடவை பார்த்தபோது ஓரிடத்தில் நிறுத்திவிட்டேன். ஒரு சக அதிகாரியைப் பாராட்டும்போது அவர்கள் “குட் போலீஸ்” என்கிறார்கள். நல்ல போலீஸ்காரர் என்று பொருள். ஒற்றை ஆளுக்குப் ‘போலீஸ்’. சப்டைட்டிலிலும் அப்படியே இருந்தது. எத்தனை கட்டுரைகளில் “எ போலீஸ் கேம்” என்று எழுதிய பிள்ளைகளை நான் அடித்திருப்பேன்! கையால் இல்லை, பேனாவால். போலீஸ் என்பது துறை, ஓர் ஆள் என்றால் போலீஸ்மேன், பத்து முறை எழுதிக்கொண்டு வா. நம் ஊரில் ஒரு போலீஸ் வந்தார், இரண்டு போலீஸ் வந்தார்கள், பெண் போலீஸ் நிற்கிறார். பிள்ளைகள் வீட்டில் கேட்டதை எழுதினார்கள். பால்டிமோரில் அவர்களுக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். தேர்வுத்தாள் திருத்துபவர் பால்டிமோரிலிருந்து வரமாட்டார் என்பதால், இன்றைக்குச் சொல்லிக் கொடுத்தாலும் போலீஸ்மேன் என்றுதான் சொல்லிக் கொடுப்பேன். பத்து முறை எழுதச் சொல்ல மாட்டேன், அவ்வளவுதான்.

சனிக்கிழமை கதைக்கு வருகிறேன். ‘ஹவுஸ்’ முடிந்ததும் தம்பி மகளுக்கு ‘தி வயர்’ இரண்டாம் சீசனில் ஒரு துண்டை மட்டும் போட்டுக் காட்டினேன். வெஸ்டின் பாத்திரம் வேவு பார்ப்பதற்காக இங்கிலாந்து வியாபாரியாக வேஷம் போட வேண்டும். அந்த பால்டிமோர் போலீசுக்கு இங்கிலாந்துப் பேச்சு வராது. ஷெஃபீல்டில் பிறந்த நடிகர், இங்கிலாந்துப் பேச்சு வராத அமெரிக்கராக, இங்கிலாந்துக்காரர் போலப் பேசுகிறார். கண்றாவி. வேண்டுமென்றே கண்றாவி.

சிரித்துச் சிரித்து அவளுக்கு முறுக்கு புரையேறிவிட்டது. “இப்போது வாடை அடிக்கிறதா?” என்று கேட்டேன்.

“அடிக்கிறது அத்தை. எந்த ஊர் வாடை என்றுதான் தெரியவில்லை” என்றாள்.