ஆமாம், கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைகள் போகிற இடம்தான்

பெற்றோர் குரூப் ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும், மறுபடி முழுக்கதையும் சொல்லப்போவதில்லை. என் மகளின் ஸ்கூல் டூர் பட்டியலில் இருந்த நெல்லை மாவட்ட அறிவியல் மையத்தைத் தூக்கிவிட்டுத் தீம் பார்க்கைப் போட்டார்கள். சரி, போகட்டும். "ஏன்?" என்று பெற்றோர் குரூப்பில் ஒரு கேள்வி கேட்டேன். அவ்வளவுதான். அதற்கு வந்த பதில்களும் சிரிப்பு ஸ்டிக்கர்களும் இருக்கே!

நான் சொல்வது ஒன்றுதான். அறிவியல் மையம் பார்த்துவிட்டு வருகிற இடம் இல்லை, தொட்டுவிட்டு வருகிற இடம்.

"எல்லாம் யூடியூபில் இருக்கே மேடம்" என்கிறார் ஒரு அப்பா. இருக்கிறது, நானும் பார்க்கிறேன். ஆனால் நான் படித்த ஸ்கூலில் லேப் என்றால் பூட்டிக் கிடக்கிற ஒரு பீரோ. அங்கிருந்து எங்களை பஸ் ஏற்றி, இந்த மையம் இருக்கிற கொக்கிரகுளத்துக்குக் கூட்டிப்போனவர் எங்கள் அறிவியல் டீச்சர். சுழல்கிற நாற்காலியில் என்னை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த சக்கரத்தைக் கையில் கொடுத்து, ஒருத்தி அதை வேகமாகச் சுற்றிவிட்டாள். "ஏட்டி, சாய்ச்சுப் பிடி!" சாய்த்தேன். யாரும் தள்ளாமலே நாற்காலி திரும்பியது. மறுபக்கம் சாய்த்தால் எதிர்ப்பக்கம் திரும்பியது. சக்கரம் சும்மா சாயவில்லை, என் மணிக்கட்டோடு மல்லுக்கட்டித்தான் சாய்ந்தது. பின்னாளில் 'கோண உந்தம் (சுழல்கிற பொருளின் உந்தம்) மாறாது' என்று புத்தகத்தில் வந்தபோது எனக்கு அந்த மணிக்கட்டு வலிதான் ஞாபகம் வந்தது. அந்த வலியை எந்த வீடியோவில் காட்டுவீர்கள் சார்?

எதிரெதிரே தூரத்தில் நிற்கும் இரண்டு பெரிய குழிந்த வட்டத்தட்டுகளும் அப்படித்தான். ஒரு தட்டின் குவியத்தில், அதாவது ஒலி குவிகிற புள்ளியில், வாய் வைத்து முணுமுணுத்தால், ஒலி அதில் பட்டு நேராகப் போய், எதிர்த்தட்டில் பட்டு, அதன் குவியத்தில் வந்து சேரும். நடுவில் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. என் சிநேகிதி நான் கொடுக்க வேண்டிய மிட்டாய்க் காசை அதில்தான் கேட்டாள். அந்தத் தட்டின் வளைவான பரவளையம் என்றால் என்ன என்று அன்றைக்கு யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை.

"அதெல்லாம் ரொம்பப் பழசு" என்றார் இன்னொருவர். நியூட்டன் விதியும் பழசுதான். புதுசு ஏதாவது வந்திருந்தால் சொல்லுங்கள், வாங்கிப் போடச் சொல்வோம். பிள்ளைகள் எல்லாரும் தொடுகிற பொருள் தேயத்தான் செய்யும், சில நேரம் ஓடாமலும் நிற்கும். எந்த ஊர் மையமானாலும் அதைச் சரிபார்த்துக்கொண்டே இருக்கத்தான் வேண்டும், அதை ஒத்துக்கொள்கிறேன். "பிள்ளைகளே தீம் பார்க்தான் கேக்குறாங்க" என்கிறார்கள். பிள்ளைகள் கேட்டால் ராத்திரி பதினோரு மணிக்கு ஐஸ்கிரீமும்தான் கேட்கும்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. கடைசியாக ஒருவர் போட்டாரே, "அங்க கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைங்கதான் கூட்டமா வருவாங்க, நம்ம பசங்களுக்கு எதுக்கு" என்று. அதற்கும் நாலு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். அதில் இரண்டு பேர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள்.

ஆமாம் சார், அவர்கள் வருவார்கள். அவர்களுக்காகவும்தான் கட்டினார்கள். 1959ல் கொல்கத்தாவில் பிர்லா தொழில் மற்றும் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தைத் திறந்தவர்கள், கிராமத்துப் பிள்ளைகள் நகரத்துக்கு வர முடியாது என்று 1965லேயே காட்சிப் பொருள்களை பஸ்ஸில் ஏற்றி அவர்கள் ஊருக்கே அனுப்பினார்கள். அதையும் நம்ம மையத்தையும் நடத்துகிற தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுமம் 1978ல் வந்தது. 1982ல் முதல் மாவட்ட அறிவியல் மையம் எங்கே வந்தது தெரியுமா? டெல்லியிலோ மும்பையிலோ இல்லை, மேற்கு வங்கத்துப் புருலியாவில். 1987ல் நம்ம நெல்லைக்கு வந்தது. சென்னையில் பிர்லா கோளரங்கம் வந்ததே அதற்கு அடுத்த வருஷம்தான். சென்னைக்காரர்களிடம் நாம் பெருமை அடித்துக்கொள்ளக் கிடைத்த விஷயம் இது, நம்ம ஆட்களே மூக்கைப் பொத்துகிறார்கள்.

"நீங்க ஏன் இதைப் பெர்சனலா எடுத்துக்கிறீங்க?" என்று ஒரு அக்கா தனியாகக் கேட்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வது அக்கா? அந்தக் கூட்டத்தில் வரிசையில் நின்ற பிள்ளை நான். இன்றைக்கு உங்கள் பையன் படிக்கிற அதே ஸ்கூலுக்கு அதே ஃபீஸ் கட்டுகிறேன். என் பக்கத்தில் உட்கார்ந்து பேரன்ட்ஸ் மீட்டிங்கில் காபி குடிக்கலாம், என்னைப் போன்ற பிள்ளை பக்கத்தில் உங்கள் பிள்ளை வரிசையில் நிற்கக் கூடாதா? மொத்த வகுப்பும் கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைகளோடு ஒருநாள் சேர்ந்து சக்கரம் சுற்றினால் என்ன குறைந்துவிடும்?

இதை எழுதினால் "ஸ்கூல் பெயரைக் கெடுக்கிறார்" என்று சொல்வார்கள், தெரியும். பெயரே போடவில்லை, தேடிப் பாருங்கள்.

டூர் பணத்தை நான் கட்டவில்லை. என் மகளை இந்த மாதமே நானே கொக்கிரகுளத்துக்குக் கூட்டிப்போகிறேன். காரில் இரண்டு பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது. விருப்பம் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். குரூப்பில் வேண்டாம், அங்கே என் மெசேஜை எல்லாம் அட்மின் அழித்துக்கொண்டிருக்கிறார்.