‘ஐபி அட்ரஸ் ஆட்’ கொடுத்தால் முகவரி நிரந்தரமாகாது
உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் சர்வரில் ‘ஐபி அட்ரஸ் ஆட்’ (ip address add) கட்டளை கொடுத்தாலே ஐபி முகவரி (நெட்வொர்க்கில் சர்வரை அடையாளம் காட்டும் எண்) நிரந்தரமாகிவிடும் என்று சொல்லியிருக்கிறீர்கள். அது தவறு. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) மட்டும்தான் அது முகவரியைச் சேர்க்கும். எந்தக் கோப்பிலும் எழுதாது. ரீபூட் செய்தால் போய்விடும். சோதித்துப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

17.10 பதிப்பிலிருந்து உபுண்டுவில் முகவரியை நிரந்தரமாக வைக்கும் வேலை நெட்பிளான் (netplan) என்ற நெட்வொர்க் அமைப்புக் கருவியுடையது. அதன் யாமல் (YAML) வடிவ அமைப்புக் கோப்பில் முகவரியை 192.168.1.50/24 என்று சப்நெட் (உள் நெட்வொர்க்) அளவான /24-ஓடு எழுத வேண்டும். உள்தள்ளலுக்கு ஸ்பேஸ் மட்டும். டேப் அடித்தால் பிழை காட்டும்.

அப்புறம், எஸ்எஸ்எச் (SSH) வழியாகத் தொலைவிலிருந்து சர்வரில் நுழைந்து மாற்றுபவர்கள் தயவுசெய்து ‘நெட்பிளான் அப்ளை’க்குப் பதில் ‘நெட்பிளான் ட்ரை’ கொடுங்கள். 120 விநாடிக்குள் என்டர் தட்டி உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். முகவரியைத் தப்பாக எழுதியிருந்தாலும் சர்வர் கைவிட்டுப் போகாது.