குண்டூசித் தலையா, பட்டாணியா?

குளச்சல் பக்கம் கடலுக்கு மேலே ஒரு வெளிச்சம் தெரிந்தால் போதும், அரைமணி நேரத்தில் வாட்ஸப் முழுக்க வீடியோ. அடியில் ஒரு வரி தவறாது: "ராணுவத்துக்குத் தெரியும், மறைக்கிறார்கள்." மறைக்கவாவது அவர்கள் கையில் உருப்படியான தகவல் வேண்டாமா?

பறக்கும் தட்டு என்று வந்த புகார்களை விசாரிக்க அமெரிக்க விமானப்படை நடத்திய திட்டம் புளூ புக். 1947 முதல் 1969 வரை அதன் கணக்கில் ஏறியவை 12,618. என்னவென்றே தெரியாமல் நின்றவை 701. பார்த்தவர் கையில் அவர்கள் கொடுத்த படிவத்தைத்தான் நம்மாட்கள் படிக்கவேண்டும். கையை நீட்டினால் குண்டூசித் தலை அளவா, பட்டாணி அளவா, நாணயம் அளவா? எந்தத் திசை, எத்தனை நேரம்? கண்ணாடி வழியாகப் பார்த்தீர்களா?

காரணம் எளிது. தூரம் தெரியாத வெளிச்சத்துக்கு அளவும் கிடையாது, வேகமும் கிடையாது. "இருநூறு அடி இருக்கும்" என்பது வெறும் பேச்சு. கோணம்தான் சாட்சி. நீட்டிய கையில் கட்டைவிரல் அகலம் சுமார் 2 டிகிரி, மடக்கிய கை (முஷ்டி) 10, விரித்த சாண் 20. முழு நிலாவே அரை டிகிரிதான். நிலா தட்டு மாதிரி பெரிதாகத் தெரிகிறது என்பவர் ஒரு பட்டாணியை நீட்டிப் பிடித்துப் பார்க்கட்டும், நிலா மறைந்துபோகும்.

ஆகவே முதலில் நின்ற இடத்திலிருந்து நகராதீர்கள். ஒரு தென்னையையோ மின்கம்பத்தையோ வெளிச்சத்துக்கு நேராக வைத்துப் பாருங்கள். இருட்டில் ஒற்றைப் புள்ளியையே உற்றுப் பார்த்தால் அது ஆடுவதுபோல் தெரியும், ஆடுவது கண். அடிவானத்திலிருந்து எத்தனை மடக்கிய கை உயரம், மணி என்ன என்று குறித்து, கால்மணி நேரம் கழித்துத் திரும்ப அளக்கவும். சாயங்காலம் மேற்கே மெல்ல இறங்கி, மறுநாளும் ஏறக்குறைய அதே இடத்தில் வந்தால் பெரும்பாலும் வெள்ளிக் கிரகம். கடலை ஒட்டி இருக்கும்போது சிவப்பும் பச்சையுமாக மினுக்கும், அது காற்றின் வேலை. திருவனந்தபுரத்துக்கு இறங்கும் விமானம் நம்மைப் பார்த்து வந்தால் விளக்கு நகராமல் தொங்கும். திரும்பியதும் "திடீரென மறைந்துவிட்டது" என்பார்கள். ஆரல்வாய்மொழிக் காற்றாலைச் சிவப்பு விளக்குகளைப் பற்றி ஒன்றும் சொல்லவேண்டாம்.

வீடியோவில் ஜூம் போடாதீர்கள். ஃபோகஸ் தவறினால் எந்த விளக்கும் வட்டத் தட்டாகும், பறக்கும் தட்டு அங்கேயே பிறக்கிறது. மரமோ கூரையோ சட்டத்துக்குள் இருக்கட்டும். மூலக் கோப்பை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் கோப்பில் பதிந்த நேரமும் இடமும் போய்விடும்.

நம் ராணுவமும் ஏமாறும். 2012-13இல் லடாக் எல்லையில் வீரர்கள் குறித்துவைத்த வெளிச்சங்களை இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் ஆராய்ந்து, வியாழனும் வெள்ளியும் என்றார்கள். 2023 நவம்பரில் இம்பால் விமான நிலையத்துக்கு மேலே ஏதோ தெரிந்ததால் விமானப் போக்குவரத்து நின்றது, ரஃபேல் போர் விமானம் தேடிப் போனது, ஒன்றும் அகப்படவில்லை. ராணுவத்தின் கேள்வி 'ஆபத்தா?' என்பதோடு முடிகிறது. பார்த்தவருக்கு வேண்டிய பதில் வேறு, 'அது என்ன?' என்பது. சண்டையே இங்கேதான்.

அதற்காக விசாரித்தவர்களை நான் விட்டுவிடவில்லை. 1966இல் மிச்சிகனில் பலர் பார்த்ததற்கு புளூ புக்கின் ஆலோசகரான வானியலாளர் ஹைனக் 'சதுப்பு நில வாயு' என்று அவசரமாகச் சொல்லி ஊரே சிரித்தது. தகவல் போதாது என்று எழுதியிருந்தால் மானம் போயிருக்காது.

கடலில் ட்ரோன் மாதிரி ஏதாவது விழுந்து கிடந்தால் தொடவேண்டாம், வள்ளத்தில் ஏற்றவும் வேண்டாம். கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசுக்குச் சொல்லுங்கள். மணி, திசை, எத்தனை கை உயரம், அதோடு.