பீல் வீட்டுப் பிள்ளைகளும் ஒரு கத்தரிக்கோலும்

‘குலவித்தை கல்லாமல் பாகம் படும்’, அதாவது குலத்தொழில் கற்காமலே பாதி வந்துவிடும், என்று எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்வார்கள். பாட்டுக்காரர் மகள் வாயைத் திறந்தால் போதும், இந்தப் பழமொழி வந்துவிடும். எனக்கு இதில் என்றைக்குமே நம்பிக்கை இருந்ததில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் அமெரிக்காவின் பீல் குடும்பத்தைப் பற்றிச் சொல்வேன். மூன்று தலைமுறையில் பத்துப் பேருக்கு மேல் ஓவியம் வரைந்த குடும்பம். பார்த்தால் பழமொழிக்கே சாட்சி போலத் தெரியும். கொஞ்சம் கிட்டே போனால் கதை வேறு.

முதலில் மூத்தவர். சார்ல்ஸ் வில்சன் பீல், 1741-இல் மேரிலாந்தில் பிறந்தவர். குலவித்தை என்று பார்த்தால் அவருக்கு ஒன்றும் இல்லை. அப்பா பள்ளி வாத்தியார், அதுவும் இங்கிலாந்தில் மோசடி வழக்கில் சிக்கி நாடு கடத்தப்பட்டு வந்தவர். மகனை 13 வயதில் குதிரைச் சேணம் தைக்கிற தொழிலுக்கு விட்டார்கள். வாலிபத்தில் படம் வரைகிற ஆசை வந்ததும், ஜான் ஹெசீலியஸ் என்ற ஓவியரிடம் ஒரு சேணத்தைக் கொடுத்து அதற்கு ஈடாகப் பாடம் கற்றுக்கொண்டார். அப்புறம் லண்டன் போய் பெஞ்சமின் வெஸ்ட் என்ற ஓவியரிடம் இரண்டு வருடம் பயின்றார். 1772-இல் ஜார்ஜ் வாஷிங்டனை நேரில் உட்காரவைத்து அவர் வரைந்ததுதான் வாஷிங்டனின் முதல் உருவப்படம்.

பிள்ளைகளுக்கு அவர் வைத்த பெயர்களைப் பாருங்கள்: ரஃபேல், ரெம்பிராண்ட், டிஷியன், ரூபென்ஸ், ஆஞ்செலிகா காஃப்மன், சோஃபோனிஸ்பா. எல்லாம் ஐரோப்பாவின் பேர்பெற்ற ஓவியர்களின் பெயர்கள். பாவம், தொட்டிலிலேயே பாரத்தை ஏற்றிவிட்டார்! டிஷியன் 1798-இல் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோக, அடுத்த வருடம் பிறந்த மகனுக்கும் அதே பெயரை வைத்தார். தன் தம்பி ஜேம்ஸுக்கும் அவரே ஓவியம் கற்றுக்கொடுத்தார். ஃபிலடெல்ஃபியாவில் அவர் தொடங்கிய அருங்காட்சியகம் இந்தக் குடும்பத்துக்கு வீடு, பட்டறை, பள்ளிக்கூடம் எல்லாமுமாக இருந்தது. பாடம் செய்த, அதாவது செத்தபின் கெடாமல் பதப்படுத்திய பறவைகள் ஒரு பக்கம், சுவரில் புரட்சிக்கால வீரர்களின் படங்கள் இன்னொரு பக்கம். 1801-இல் நியூயார்க் மாநிலத்துப் பண்ணை ஒன்றிலிருந்து மாஸ்டடான் என்ற பழங்கால யானையின உயிரியின் எலும்புகளைத் தோண்டிக் கொண்டுவந்து, முழு எலும்புக்கூடாக நிறுத்தினார்.

சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனால் பெரியவருடைய உருவப்படங்கள் பலவும் எனக்கு விறைப்பாகத்தான் தெரிகின்றன. எல்லோருக்கும் ஒரே முட்டை வடிவத் தலை. விதிவிலக்கு, 1795-இல் ரஃபேலையும் முதல் டிஷியனையும் மாடிப்படியில் ஏறுவதுபோல் வரைந்த படம். அதை நிஜக் கதவுச் சட்டத்துக்குள் பொருத்தி, அடியில் ஒரு மரப்படியும் வைத்துக் காட்சிப்படுத்தினார். வாஷிங்டன் அந்த வழியாகப் போனபோது படத்திலிருந்த பிள்ளைகளுக்குத் தலை வணங்கிவிட்டுப் போனார் என்று ரெம்பிராண்ட் பின்னாளில் எழுதினார்.

அந்தப் படியில் நிற்கிற ரஃபேல்தான் என்னைப் பொறுத்தவரை இந்த வீட்டின் ஆகச் சிறந்த ஓவியர். ஒரு கிண்ணத்தில் நாவற்பழ நிறத்தில் பிளாக்பெர்ரி, பக்கத்தில் இலை, பின்னால் இருட்டு. அவ்வளவுதான் படம். பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் இப்படிப் பழம், பாத்திரம் என்று அசையாப் பொருள்களை வரைகிற ஸ்டில் லைஃப் அன்றைக்கு ஓவியங்களிலேயே கடைசி வரிசை. உருவப்படம் வரை, அதில்தான் காசு என்று அப்பா கடிதம் கடிதமாக எழுதினார். ரஃபேல் குடித்தார், கீல்வாதத்தில் கை வீங்கிக் கிடந்தார், படங்களை அடிமாட்டு விலைக்கு விற்றார். 1825-இல், அப்பாவுக்கு இரண்டு வருடம் முன்பே போய்ச் சேர்ந்தார். புகழும் பணமும் ரெம்பிராண்டுக்கு வந்தன. வாஷிங்டன் படம் ஒன்றையே எழுபதுக்கும் மேற்பட்ட பிரதிகளாக வரைந்து விற்றவர் அவர். சாமர்த்தியசாலி, அதில் சந்தேகமில்லை.

ரூபென்ஸ் கதை இன்னும் சுவாரசியம். கண் பார்வை சரியில்லாததால் அவருக்கு ஓவியம் வேண்டாம், அருங்காட்சியக நிர்வாகம் போதும் என்று ஒதுக்கிவிட்டார்கள். ரெம்பிராண்ட் 1801-இல் வரைந்த படத்தில் அவர் ஜெரேனியம் பூச்செடித் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், முகத்தில் ஒரு கண்ணாடி, கையில் இன்னொன்று. அதே ரூபென்ஸ் 71 வயதில் தூரிகையை எடுத்தார். கற்றுக்கொடுத்தது மகள் மேரி ஜேன். அந்த ரத்தம் எழுபது வருடமாக எங்கே போயிருந்தது?

ஜேம்ஸின் மகள்கள் ஆனாவும் சாரா மிரியமும் 1824-இல் பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தின் முதல் பெண் உறுப்பினர்கள் ஆனார்கள். சாரா கல்யாணமே செய்துகொள்ளாமல், பால்டிமோரிலும் செயின்ட் லூயிஸிலும் உருவப்படம் வரைந்தே தன் காலில் நின்றார். இதற்கும் காரணம் வீட்டிலேயே வண்ணமும் வாத்தியாரும் இருந்ததுதான். அன்றைக்கு வேறு எந்த வீட்டுப் பெண்ணுக்கு அது கிடைத்திருக்கும்?

சரி, இப்போது நான் உண்மையில் சொல்லவந்த ஆளுக்கு வருகிறேன். அதே வீட்டில், அதே பிள்ளைகளோடு வளர்ந்தவர் மோசஸ் வில்லியம்ஸ். பெற்றோர் பீலின் அடிமைகள். அவர்களுக்கு 1786-இல் விடுதலை கிடைத்தது. மகனை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். இத்தனைக்கும் பீல் அடிமை முறை ஒழிய வேண்டும் என்று பேசியவர். பீலின் பிள்ளைகள் தூரிகை பிடிக்கக் கற்றபோது மோசஸுக்குப் பறவைகளைப் பாடம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். வண்ணப்பெட்டி அவர் பக்கம் வரவே இல்லை. வந்தது ஒரு இயந்திரமும் கத்தரிக்கோலும்தான்.

1802-இல் அருங்காட்சியகத்துக்கு வந்த அந்த இயந்திரம், உட்கார்ந்திருப்பவரின் பக்கவாட்டு முகத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே போய், மடித்த வெள்ளைத் தாளில் அதைச் சின்னக் கோடாகப் பதிக்கும். கோட்டின்படி உள்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, ஓட்டை விழுந்த தாளைக் கறுப்புத் தாள்மேல் வைத்தால் நிழலுருவம் தயார். கோடு இயந்திரம் போட்டதுதான், ஆனால் மூக்கு நுனியும் கண் இமையும் வெட்டுகிறவர் கையில் இருக்கிறது. அந்த வருடம்தான் மோசஸுக்கு விடுதலை கிடைத்தது. அடுத்த வருடம் மட்டும் அவர் வெட்டியவை 8,000-க்கும் மேல். ஒன்றுக்கு எட்டு சென்ட் கூலி. அந்தக் காசில் வீடு வாங்கினார். பீல் வீட்டில் சமையல் வேலை பார்த்த மரியா என்ற வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தார்.

அவர் வெட்டிய தாள்களில் அவர் பெயர் இல்லை, ‘மியூசியம்’ என்ற முத்திரைதான் அழுத்தப்பட்டிருக்கிறது. ‘மோசஸ் வில்லியம்ஸ், பக்கவாட்டு முகங்களை வெட்டுபவர்’ என்று குறிப்பெழுதிய ஒரு நிழலுருவம் ஃபிலடெல்ஃபியாவின் லைப்ரரி கம்பெனி என்ற நூலகத்தில் இருக்கிறது. வெகுகாலம் அதை ரஃபேல் பீல் செய்தது என்றே பட்டியலிட்டிருந்தார்கள். மோசஸ் தன்னைத் தானே வெட்டிக்கொண்ட படமாக இருக்கலாம் என்று இப்போது ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தலைமுடி இருக்கிற இடத்தில் கத்தரிக்கோல் இயந்திரக் கோட்டை விட்டு விலகிப் போயிருக்கிறதாம்.